வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்ய என்னென்ன வாங்க வேண்டும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய்ப்பாட்டு, வீணை, புல்லாங்குழல், மிருதங்கம் என்று நிஜமாகவே காற்றில் அதிரும் ஒலியை வீட்டில் பதிவு செய்ய விரும்புபவர்களுக்கான பக்கம் இது. கையில் ஒரு மடிக்கணினி இருக்கிறது, இதுவரை வேறு எதுவும் வாங்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். கீபோர்டிலும் கணினியிலும் மட்டுமே இசையமைப்பவர்களுக்கு இங்கே பாதிக்கு மேல் தேவைப்படாது.

முதலில் எந்த மைக் வாங்குவது?

எதையும் வாங்காதீர்கள். எந்த அறையில், எந்த நேரத்தில் பாடப் போகிறீர்களோ அங்கே உட்கார்ந்து, கைபேசியின் ரெக்கார்டரை ஓடவிட்டு ஒரு நிமிடம் பாடுங்கள். அடுத்த ஒரு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு ஹெட்ஃபோனில் கேளுங்கள். சும்மா இருந்த அந்த நிமிடம்தான் முக்கியம். ஃபிரிட்ஜின் முனகல், பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருமுனையில் திரும்பும் ஆட்டோ, ஜன்னல் கம்பியில் உட்கார்ந்த காக்கை என்று காது வழக்கமாக ஒதுக்கிவிடும் அத்தனையும் அதில் இருக்கும். மைக்குக்கு அப்படி ஒதுக்கத் தெரியாது. விலை உயர்ந்த மைக் வாங்கினால் காக்கையும் துல்லியமாகவே விழும்.

அடுத்து அறையின் நடுவில் நின்று ஓங்கிக் கைதட்டுங்கள். தட்டிய பிறகு ‘டிர்ர்’ என்று ஒரு உலோக நடுக்கம் கேட்டால், எதிரெதிரே இருக்கும் இரண்டு வெற்றுச் சுவர்கள் ஒலியை மாற்றி மாற்றி எறிந்துகொண்டிருக்கின்றன. டைல்ஸ் தரை, சிமென்ட் பூசிய சுவர், கான்கிரீட் கூரை – நம் ஊர் வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். பதிவில் ஏறிவிட்ட இந்த எதிரொலியைப் பிறகு சுத்தமாக நீக்கும் மென்பொருள் எதுவும் கிடையாது. குறைக்கலாம், குறைக்கும்போது குரலும் கொஞ்சம் போகும். ஆகவே முதல் தேர்வு அறைதான். வரவேற்பறையை விட்டுவிட்டு, கட்டிலும் மெத்தையும் துணி அடுக்கிய அலமாரியும் இருக்கும் படுக்கையறைக்குப் போங்கள். அலமாரிக் கதவைத் திறந்தே வையுங்கள்.

கைபேசியிலேயே பதிவு செய்தால் போதாதா?

ஆசிரியருக்கு அனுப்ப, சொந்தக் குறையைக் கேட்டுத் திருத்திக்கொள்ள, தாராளமாகப் போதும். பல கைபேசிகளில் ஒரு சிக்கல் உண்டு: தொடர்ந்து ஒரே மாதிரி ஒலிப்பதை இரைச்சல் என்று முடிவு கட்டி அடக்கிவிடும். தம்புரா ஒலிப்பதே அப்படித்தானே. சுருதி வந்து வந்து காணாமல் போவது இதனால்தான். இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கி அளவு மாற்றத்தையும் அணைக்க வசதியுள்ள ரெக்கார்டர் செயலியைத் தேடிப் பயன்படுத்துங்கள். கைபேசியை மடியில் வைக்காமல் முகத்திலிருந்து இரண்டடி தள்ளி, வாய் உயரத்தில் நிறுத்தினாலே பாதி வித்தியாசம் தெரிந்துவிடும்.

குரலைத் தனியாக, வீணையைத் தனியாகப் பதிந்து பிறகு சேர்க்க வேண்டும் என்ற ஆசை வரும் நாளில்தான் மற்ற கருவிகள் தேவைப்படுகின்றன.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் நிற்குமா?

நிற்காது. இந்த வதந்திக்கு ஆயுள் கெட்டி.

100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். ஓர் அங்குல அட்டை அதை எதுவும் செய்ய முடியாது. கூர்மையான உச்ச ஒலிகளை மட்டும் கொஞ்சம் உறிஞ்சும்; அடியில் இருக்கும் கனத்த ஒலிகள் அப்படியே மிஞ்சும். விளைவு, அடைத்துக்கொண்ட குரல். கூடவே சுவரெல்லாம் தீப்பிடிக்கும் காகிதம். இணையத்தில் விற்கும் மெல்லிய கறுப்புப் பஞ்சுத் துண்டுகளும் ஏறக்குறைய இதே ரகம்தான்.

இரண்டு வேலைகளைக் குழப்பிக்கொள்வதால் வரும் வினை இது. வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுக்க எடையும் இடைவெளியில்லாத அடைப்பும் வேண்டும்: கனமான சுவர், கனமான கதவு, ரப்பர் வைத்து மூடிய ஜன்னல். எதையும் ஒட்டி அதைச் சாதிக்க முடியாது. உள்ளே எழும் எதிரொலியைக் குறைக்க வேண்டுமானால் தடிமனும் மென்மையும் வேண்டும். கட்டுமானப் பொருள் கடைகளில் கிடைக்கும் ராக்வூல் (பாறை இழை) பலகைகளில், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியும் 50 மில்லிமீட்டர் தடிமனும் உள்ளதை வாங்கி, இரண்டு அடுக்காக மரச்சட்டத்தில் அடைத்துத் துணி சுற்றிச் சுவரிலிருந்து சில அங்குலம் தள்ளி நிறுத்தினால் நன்றாக வேலை செய்யும். அதைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் அவசியம்.

அதற்கு முன்பே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால், அதைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வையுங்கள். மைக்கின் பின்னால் அல்ல. கார்டியாய்டு வகை மைக் தன் முன்னால் இருப்பதைத்தான் கேட்கும். அதன் முன்னால் இருப்பது நீங்களும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரும்.

மே மாதத்தில் மின்விசிறியை அணைத்துவிட்டுப் பாட முடியுமா?

பாடித்தான் ஆக வேண்டும். விசிறியின் இரைச்சல் ஒரு பக்கம். அது தள்ளும் காற்று மைக்கில் மோதி எழுப்பும் உறுமல் இன்னொரு பக்கம். மூன்றாவதாக, சுழலும் இறக்கைகளில் பட்டுத் திரும்பும் குரலில் ஒரு நடுக்கம் சேரும். கார்வையை நீட்டிப் பிடிக்கும்போது இது நன்றாகத் தெரியும், கேட்பவர் உங்கள் குரல் நடுங்குகிறது என்று நினைத்துக்கொள்வார். அறையைக் குளிர வைத்துவிட்டு, எல்லாவற்றையும் அணைத்து, பத்து நிமிடம் பாடி, மறுபடி போட்டுக்கொள்வதுதான் எல்லோரும் செய்வது. அதிகாலை நல்ல நேரம். மார்கழியில் மட்டும் அதை நம்ப முடியாது, கோயில் ஒலிபெருக்கி உங்களுக்கு முன்பே எழுந்துவிடும்.

சரி, இப்போது சொல்லுங்கள். கன்டென்சர் மைக்கா, டைனமிக் மைக்கா?

கன்டென்சர் நுணுக்கமாகக் கேட்கும், அறையையும் சேர்த்துக் கேட்கும். டைனமிக் மைக்குக்கு அவ்வளவு கூர்மை கிடையாது; வாய்க்கு அருகில் வைத்துப் பாடினால் தூரத்துச் சத்தங்கள் பின்னுக்குப் போய்விடும். மேடைகளில் நீங்கள் பார்க்கும் ஷூர் எஸ்எம்58 டைனமிக் வகை. 1966 முதல் விற்கிறது. அதற்கு ஓராண்டு மூத்த எஸ்எம்57 கருவிகளுக்குப் பெயர் பெற்றது.

சாலையோர வீடு, அறையை எதுவும் செய்ய முடியாது என்றால் டைனமிக் வாங்குங்கள் என்பதுதான் பொது அறிவுரை. கர்நாடக சங்கீதம் பாடுபவருக்கு இதில் ஒரு தொல்லை இருக்கிறது. டைனமிக் மைக்கை நான்கு விரல் தூரத்தில் வைத்தால் அடிக்குரல் செயற்கையாகக் கனக்கும். தலை கொஞ்சம் விலகினால் அந்தக் கனம் மறைந்துவிடும். சங்கதிக்குச் சங்கதி தலையும் கையும் அசையும் பாட்டில் குரலின் நிறம் வரிக்கு வரி மாறிக்கொண்டே இருக்கும். சினிமாப் பாட்டு பாடுபவர் அசையாமல் நின்று சமாளித்துவிடுவார். ஆலாபனையில் அது நடக்காது. அதனால் அறையை மெத்தை, போர்வையால் ஓரளவு அடக்கிவிட்டு, கன்டென்சர் மைக்கை ஒரு அடி முதல் ஒன்றரை அடி தூரத்தில் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஆடியோ-டெக்னிகா ஏடி2020 போன்ற ஒன்று தொடக்கத்துக்கு நிறைவாகப் போதும்.

வீணைக்குக் கன்டென்சர்தான். அதன் ஒலி மெல்லியது, டைனமிக் மைக்கில் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்ற ஏற்ற இரைச்சலும் கூடவே ஏறும். மைக்கின் சொந்த இரைச்சலும் வீணையில்தான் தெரியும். ஏடி2020-க்கு அது 20 டெசிபல். அதைவிட விலை கூடிய ரோடு என்டி1-க்கு 5-க்கும் கீழே. வீணை மட்டுமே வாசிப்பவர் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கலாம். மிருதங்கக்காரருக்கு அது வீண் செலவு. அவருக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று இரண்டு டைனமிக் மைக்குகள் இருந்தால் வேலை முடிந்தது. நாதஸ்வரமும் தவிலும் என்றால் படுக்கையறையை மறந்துவிடுங்கள். அவை திறந்தவெளிக்குப் பிறந்தவை. பெரிய கூடம் தேடுங்கள்.

மைக், அதைப் பிடிக்கும் கை, மூச்சுக் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர், பஞ்சு உறை எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ‘ஸ்டூடியோ கிட்’ என்று வருவதைத் தொடாதீர்கள்.

யூஎஸ்பி மைக் வாங்கினால் இன்டர்ஃபேஸ் செலவு மிச்சம்தானே?

மைக்கின் ஒலியைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் சிறு பெட்டிதான் இன்டர்ஃபேஸ்; யூஎஸ்பி மைக்கில் அது உள்ளேயே இருக்கும். ஒருவர், ஒரு குரல், அதற்கு மேல் ஒருபோதும் போவதில்லை என்றால் மிச்சம்தான். ஆனால் வயலின் வாசிக்கும் தங்கை பக்கத்தில் உட்காரும் நாளில் இரண்டாவது யூஎஸ்பி மைக்கைச் சேர்ப்பது பெரும்பாடு. தனி இன்டர்ஃபேஸ் இருந்தால் மைக்கை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். என்டி1-இன் ஐந்தாம் தலைமுறை மாதிரி சில மைக்குகளில் இரண்டு வகை இணைப்பும் இருக்கிறது. இழுபறியில் இருப்பவர்களுக்கு அது வசதி.

இன்டர்ஃபேஸ் வாங்கும்போது மைக் சொருகும் இடம் இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசையில் சோலோவில் மைக்குக்கு ஓர் இடம்தான், 2ஐ2-வில் இரண்டு. பெரிங்கர் யூஎம்சி202எச்டி-யிலும் இரண்டு, விலை குறைவு. 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். பதிவின் நுணுக்கத்தைக் குறிக்கும் எண்கள் இவை; 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஒற்றை டிராக் (ஒரு மைக்கின் தனிப் பதிவு) ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்பி பிடிக்கும், இன்றைய வட்டுகளுக்கு அது ஒன்றுமில்லை.

‘48 வி’ என்ற பொத்தானை அழுத்தினால் மைக் கெட்டுவிடுமா?

கன்டென்சர் மைக் இன்டர்ஃபேஸ் தரும் அந்த 48 வோல்ட் இல்லாமல் பேசாது. எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக்) கேபிளில் இணைத்த சாதாரண டைனமிக் மைக்குக்கு அதனால் தீங்கில்லை. பழைய ரிப்பன் வகை மைக்குகளிடம்தான் கவனம் வேண்டும். மைக்கைச் சொருகிய பிறகு பொத்தானைப் போடுங்கள். கழற்றுவதற்கு முன் அணைத்துவிட்டுச் சில நொடிகள் காத்திருங்கள். அப்போது ஹெட்ஃபோன் காதில் இருக்க வேண்டாம், ‘டொப்’ என்று அறையும்.

ஹெட்ஃபோனா, ஸ்பீக்கரா?

முதலில் ஹெட்ஃபோன். காதை முழுவதும் மூடும், பின்பக்கம் அடைத்த வகை. ஆடியோ-டெக்னிகா எம்20எக்ஸ், எம்40எக்ஸ், சோனி எம்டிஆர்-7506 எல்லாம் இந்த வகைதான். திறந்த பின்பக்கம் உள்ளவை கேட்க இதமாக இருந்தாலும், உள்ளே ஒலிக்கும் சுருதி வெளியே கசிந்து மைக்கில் ஏறும். புளூடூத் ஹெட்ஃபோன் எவ்வளவு விலையானாலும் பதிவுக்கு ஆகாது. ஒலி தாமதமாக வந்து தாளத்தைக் குலைக்கும்.

பாடகர்களில் பலருக்கு ஒரு காதைத் திறந்து வைத்தால்தான் பாட வரும். தவறில்லை. திறந்த பக்கத்துக் கிண்ணத்தைக் காற்றில் விடாமல் காதுக்குப் பின்னால் தலையோடு அழுத்தி வையுங்கள், அல்லது அந்தப் பக்க ஒலியை மென்பொருளில் அணைத்துவிடுங்கள்.

மானிட்டர் ஸ்பீக்கரை ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம். பத்துக்குப் பத்து அறையில் அடி ஒலிகள் மூலைக்கு மூலை வேறு மாதிரி கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஐம்பதாயிரம் ரூபாய் ஸ்பீக்கரும் பொய்தான் சொல்லும்.

சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடலாமா?

வேண்டாம். கேட்கும்போது அழகாகத்தான் இருக்கும். ஆனால் குரலோடு கலந்துவிட்ட சுருதியைப் பிறகு சுத்தமாகப் பிரிப்பது கடினம். ஒரு வரியை வெட்டி ஒட்டினால் தம்புரா குதிக்கும். சுருதியைத் தனி டிராக்காக மடிக்கணினியில் போட்டு, ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுக்கொண்டு பாடுங்கள். கட்டையை எழுதி வைப்பதோடு, அதே சுருதி டிராக்கை வயலின், மிருதங்கக் கலைஞர்களுக்கும் அனுப்புங்கள். ‘ஐந்தரைக் கட்டை’ என்று வாயால் சொன்னால், அவரவர் செயலியில் நுண்சுருதி கொஞ்சம் தள்ளியிருக்க வாய்ப்புண்டு.

இதையொட்டி ஒரு கணக்கு. மைக்கிலோ மென்பொருளிலோ ‘லோ கட்’ என்று ஒன்று இருக்கும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும் ஒலிகளை வெட்டிவிடும். பஸ் உறுமல், தரை அதிர்வு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. எவ்வளவு வெட்டலாம்? ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலின் நடு ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமம் வரை இறங்கினால் 98. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கு ஷட்ஜம் 196, மந்தர பஞ்சமம் 147. ஆக, 80 ஹெர்ட்ஸில் வெட்டினால் யாருடைய பஞ்சமத்துக்கும் பங்கமில்லை. மிருதங்கத்தின் தொப்பிக்கு மட்டும் இந்த வெட்டைப் போடாதீர்கள், அதன் கும்கி என்னும் கனத்த நாதமே அங்கேதான் இருக்கிறது.

சுருதி திருத்தும் மென்பொருளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஸ்வரத்தை நேரே கோட்டில் நிறுத்துவதுதான் அதன் வேலை. தோடியின் காந்தாரத்தைத் தானியங்கி முறையில் அதனிடம் கொடுத்தால், கமகத்தைப் பிழை என்று எண்ணி இஸ்திரி போட்டுத் தரும்.

பாடுவது ஹெட்ஃபோனில் கொஞ்சம் தாமதமாகக் கேட்கிறது. கருவி கோளாறா?

இல்லை. கணினி ஒலியைச் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. மூட்டையின் அளவுக்கு ‘பஃபர்’ என்று பெயர். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 என்று வைத்தால் ஒரு வழிக்கே 21 மில்லி நொடி. போய் வர இரட்டிப்பு. 128 என்றால் ஒரு வழிக்கு 2.7. ஒலி காற்றில் ஒரு மீட்டர் போகவே சுமார் 3 மில்லி நொடி ஆகிறது. மேடையில் இரண்டு மீட்டர் தள்ளி உட்காரும் மிருதங்கமே 6 மில்லி நொடி தாமதத்தில்தான் உங்களை வந்து சேர்கிறது, யாரும் குறைபட்டதில்லை. பதிவின்போது 128, கலவை செய்யும்போது 1024 என்று மாற்றிக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட் மானிட்டர்’ பொத்தான் இருந்தால் இந்தக் கவலையே இல்லை, குரல் கணினிக்குள் போகாமல் நேரே காதுக்கு வந்துவிடும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரைத் தவறாமல் நிறுவுங்கள்.

எந்த மென்பொருள்?

மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் ரீப்பர்: 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகும் உரிமக் கட்டணம் குறைவு, பழைய கணினியிலும் ஓடும். லினக்ஸ்காரர்களுக்கு ஆர்டர் (Ardour) என்ற மென்பொருள். வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் ஆடாசிட்டி நல்லது. திருட்டுப் பதிப்புகள் வேண்டாம். பாட்டோடு வைரஸும் வரும்.

கெயினை எவ்வளவு வைப்பது?

‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ சொல்லி வைக்காதீர்கள். பாடப் போகும் உருப்படியில் எந்த இடம் மேலே ஏறி உரக்க ஒலிக்குமோ, பெரும்பாலும் அனுபல்லவியிலோ சரணத்திலோ இருக்கும், அந்த வரியை முழுக் குரலோடு பாடுங்கள். அப்போது மீட்டர் −12 டெசிபலைத் தொட்டுத் திரும்பினால் போதும். 24 பிட்டில் கீழே தாராளமாக இடமிருக்கிறது. மேலே பூஜ்யத்தை இடித்தால் சிதைவுதான்.

ஸ்டாண்ட், பாப் ஃபில்டர் எல்லாம் அவசியமா?

ஸ்டாண்ட் கனமாக இருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து பாடுபவர் குட்டையான பூம் ஸ்டாண்ட் கேட்டு வாங்குங்கள். மேசையில் மாட்டும் கை அவருக்கு எதற்கு? பாப் ஃபில்டரும் வேண்டும். ‘ப’ என்று வாயிலிருந்து பாயும் காற்று மைக்கில் குத்தும். ஸ்வரம் பாடுபவருக்குப் பஞ்சமம் வரும்போதெல்லாம் குத்து. எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டினாலே வேலை செய்யும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் மூக்கின் உயரத்திலிருந்து கொஞ்சம் சாய்த்து வைத்தால் இன்னும் நல்லது.

தொடையில் தாளம் போடும் ஓசையும் பதிவாகும். ஒரு துண்டை மடித்துத் தொடையில் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி வளையல், சரசரக்கும் பட்டுப் புடவை, கைக்கடிகாரம் எல்லாவற்றுக்கும் அன்று விடுமுறை.

‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உள்ளே புகுந்திருக்கிறது. மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளைச் சிலர் ஒடித்துவிட்டுச் சொருகுவார்கள். அது ஆபத்து. வீட்டில் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையிலிருந்து இயக்குங்கள். மின்தடையின்போது இன்வெர்ட்டரில் பதிவு செய்யாதீர்கள், சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டர்கள் கொடூரமாக இரையும். பேட்டரியில் பதிவதே எளிய வழி.

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

இரண்டு மைக் உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸுக்கு எட்டாயிரத்துச் சொச்சம், மைக்குக்கு அதே அளவு, ஹெட்ஃபோனுக்கு நான்காயிரத்துச் சொச்சம். மிச்சத்தில் ஸ்டாண்டும் நல்ல கேபிளும். விலைகள் ஏறி இறங்கும், விகிதம் பெரிதாக மாறாது. பதினைந்தாயிரம்தான் என்றால் மைக்கைக் குறைக்காமல் ஒற்றை உள்ளீட்டு இன்டர்ஃபேஸுக்கு இறங்குங்கள். ஐம்பதாயிரம் என்றால் கூடுதல் பணத்தை முதலில் ராக்வூலில் போடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு மைக்கில் போடுகிறார்கள்.

பழைய கருவிகளை வாங்கலாமா?

டைனமிக் மைக்கைத் தைரியமாக வாங்கலாம். கீழே விழுந்தும் பிழைக்கும் ஜாதி. ஆனால் எஸ்எம்58-க்குப் போலிகள் ஏராளம். பாதி விலைக்குப் புதிதாகவே தருகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள். இன்டர்ஃபேஸ் என்றால் உங்கள் கணினியின் இப்போதைய இயங்குதளத்துக்கு டிரைவர் கிடைக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

பழைய கன்டென்சரை நேரில் கேட்காமல் வாங்க வேண்டாம். கடலோர ஊர்களின் ஈரம் அதன் சவ்வில் ஏறியிருந்தால் ‘பட் பட்’ என்று எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒலிக்கும். கெயினை ஏற்றி ஐந்து நிமிடமாவது மௌனத்தைக் கேளுங்கள். உங்களுடையதையும் ஸ்டாண்டிலேயே விட்டுவிடாமல், பாடி முடித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நிறம் மாறும் ரகத்து ஜெல் வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்பது பார்த்தாலே தெரியும்.